கசின் எண்டொரு சொல்லு

இதில இருங்கோ பிள்ளை. அந்தப் பையை நான் மடியில வச்சிருக்கிறன். உங்கட கையில இருக்கிற பைலைக் கண்டோடனயே நினைச்சன், எங்கட பிள்ளைதான், இமிக்கிரேசன் கந்தோரில சைன் வைக்கத்தான் போகுது எண்டு. கடைக்குப் போற ஆரும் ஒரு பைலை இப்பிடிக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு பஸ்ஸில ஏறமாட்டினம். முதல் தரமோ? பயப்பிடாதேங்கோ. வாசல்ல நிக்கிற செக்கியூரிற்றி நல்ல மனுசன். குட் மோர்னிங் சொன்னால் திருப்பிச் சொல்லுவான். உள்ளுக்க கண்ணாடிக்கு அங்கால இருக்கிறவை சொல்லமாட்டினம். அது அவையின்ர வேலை.

நீங்கள், நீங்கள் எண்டு கதைக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ என்ன. இப்பதானே கண்டது. தெரியாத ஆக்களை நீங்கள் எண்டுதானே சொல்லவேணும். நாலு தரம் இந்த பஸ்ஸில சந்திச்சமெண்டால் நீ எண்டு தானா வந்திடும்.

என்ர பேர் புஸ்பம். முல்லைத்தீவில அளம்பில். கருவாடு போட்டுச் சீவிச்சனான். ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. ஆனால் காது நல்ல காது. ஆர் என்ன சொன்னாலும் அப்பிடியே நிக்கும். இந்த நாட்டில நான் படிச்ச இங்கிலீஸ் எல்லாம் இந்தக் கேஸுக்குள்ள படிச்சதுதான். பால் வாங்கத் தெரியாது, அப்பீல் எண்டால் தெரியும்.

உங்களுக்கும் பெயில் எண்டுதானே சொன்னவை? எனக்கு முதல் நாள் கண்ணாடிக்கு அங்கால இருந்த மனுசி ‘யூ ஆர் ஒன் பெயில்’ எண்டு சொல்லுறா, நான் அழத் தொடங்கியிட்டன். சோதினை எழுத முன்னமே பெயிலாக்கிப்போட்டாளே எண்டு. வெளியில வந்து லிங்கண்ணையிட்டைச் சொன்னால் அவர் ரோட்டில நிண்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார். “எடி விசரி, அது அந்தப் பெயில் இல்லையடி. இது பிணை. உன்னை உள்ளுக்கு வைக்காமல் வெளியில விட்டிருக்கினம், கூப்பிடேக்க வந்து கையெழுத்து வைக்கவேணும், அவ்வளவுதான் தங்கச்சி” எண்டார். கேட்டோடன எனக்கும் சிரிப்பு. ஆனால் பாருங்கோ, நான் ஒரு களவும் எடுக்கேல்லை, ஒருத்தரையும் அடிக்கேல்லை. பிறகென்னத்துக்குப் பிணை?

இன்னொண்டு இருக்கு. லீவ் டு ரிமெய்ன். கேள்விப்பட்டனீங்களோ? எல்லாரும் அதுக்குத்தான் காவல் நிக்கிறம். லீவ் எண்டால் போறது. ரிமெய்ன் எண்டால் நிக்கிறது. ஒரே மூச்சில போ எண்டும் நில் எண்டும் சொன்னால் நான் என்னத்தைச் செய்யிறது? லிங்கண்ணை சொன்னவர், அதில லீவ் எண்டால் அனுமதியாம், நிக்கிறதுக்கு அனுமதியாம். எனக்கு அது ஏறேல்லை. என்ர சீவியத்தைப் பாத்தால் நான் நினைச்சதுதான் சரி மாதிரிக் கிடக்கு.

எங்கட பக்கம் களங்கண்டி எண்டு ஒரு வலை கட்டுவினம். கண்டிருப்பியள். கடலுக்குள்ள தடி நட்டு வேலி மாதிரி. மீன் வேலியைத் தடவித் தடவி உள்ளுக்க வந்திடும். வாற வழி அகலம், உள்ளுக்க அறை. தண்ணி ஓடும், வெளிச்சம் இருக்கும், மீன் நீந்திக்கொண்டுதான் நிக்கும். தான் இன்னும் கடலுக்குள்ள நிக்கிறன் எண்டுதான் அது நினைக்கும். வெளியில போற வழி மட்டும் கண்ணுக்குப் படாது. நான் எத்தினை விடியக்காலமை போய் அதுகளை அள்ளிக்கொண்டு வந்தனான். அண்டைக்கு ஒருநாளும் யோசிக்கேல்லை பாருங்கோ.

லிங்கண்ணை ஆரெண்டு சொல்லவேணும் என்ன. கனகலிங்கம். என்ர அப்பாவின்ர தமையன்ர மகன். பெரியப்பான்ர பிள்ளை. ஒரே வளவுக்குள்ள ரெண்டு வீடு, நடுவில ஒரு கிணறு. நான் தனிப்பிள்ளை. எண்டாலும் தனிப்பிள்ளையா ஒருநாளும் வளரேல்லை. என்ர காது குத்தினதுக்கு அவற்ற மடியில வச்சுத்தான் குத்தினது. என்ர மனுசன் கடலோட போய்ச் சவம் கரையொதுங்கினாப் பிறகு, கொள்ளி வைக்க என்ர மகன் நிமலனைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் அவர்தான். பிறகு லண்டனுக்கு வந்திட்டார்.

நிமலனைக் கடைசிச் சண்டையில துலைச்சிட்டன். துலைச்சிட்டன் எண்டுதான் சொல்லுவன். செத்தவன் எண்டு ஒருத்தரும் காட்டேல்லை. படத்தைப் பிடிச்சுக்கொண்டு மற்றத் தாய்மாரோட ரோட்டில இருந்தன். அது சிலபேருக்குப் பிடிக்கேல்லை. ஒருநாள் ஆமிக்காரர் வந்து காம்புக்கு ஏத்திக்கொண்டு போட்டினம். உள்ளுக்க நடந்ததை நான் கதைக்கிறேல்லை. இன்ரவியூவில ஒருக்காச் சொன்னது காணும். அப்ப லிங்கண்ணை லண்டனில இருந்து பிளேன் ஏறி வந்து அந்தக் காம்ப் வாசல்ல நிண்டவர். அவை துரத்தத் துரத்தத் திரும்பத் திரும்ப வந்து நிண்டவர். கடைசியில என்னை வெளியில விட்டாங்கள். கண் கூசுது, ஒண்டும் தெரியேல்லை. ‘வந்திட்டியோ தங்கச்சி’ எண்ட குரல் மட்டும் கேட்டுது. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நடந்தன். பிறகு அவர்தான் விசிற் விசாவில இஞ்ச கூப்பிட்டு, அகதியா ஏற்கச் சொல்லி அசைலம் அடிக்கச் சொன்னவர்.

இப்ப இன்ரவியூவைக் கேளுங்கோ. உங்களுக்கும் உதவும்.

ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கேள்வி கேக்கிறான். பக்கத்தில மொழிபெயர்க்கிற மனுசன், எங்கட ஆள்தான், கோட்டுப் போட்டிருக்கிறார். கூடப்பிறந்தவை எத்தினை பேர் எண்டு கேட்டினம். ஒருத்தரும் இல்லை, நான் தனிப்பிள்ளை எண்டன். உண்மைதானே. கனக்க நேரத்துக்குப் பிறகு, காம்பில இருந்து ஆர் வெளியில எடுத்தது எண்டு கேட்டினம். லிங்கண்ணை, என்ர அண்ணை எண்டன். அதுவும் உண்மைதானே. கோட்டுக்காரர் ‘மை பிரதர்’ எண்டார். பெடியன் எழுதினான். ஆரோட இருக்கிறீர்? அண்ணை வீட்டில. பிரதர். ஆர் சாப்பாடு தாறது? அண்ணை. பிரதர். ஒவ்வொரு தரமும் அந்தப் பிரதர் விழேக்க பெடியன்ர பேனை ஒருக்கா நிண்டு நிண்டு போகுது. என்ர காதுக்குக் கேட்டுது, மண்டைக்கு ஏறேல்லை.

பிறகு கடிதம் வந்துது. ரிஃபியூஸ். குசினி மேசையில வச்சு லிங்கண்ணைதான் வாசிச்சுத் தமிழில சொன்னவர். இந்த மனுசி தனக்குச் சகோதரம் இல்லை எண்டுது, பிறகு சகோதரன் வந்து வெளியில எடுத்தவன் எண்டுது. இல்லாத சகோதரன் எப்பிடி வாறது? ஆகவே ஒருத்தரும் வெளியில எடுக்கேல்லை. வெளியில எடுக்கேல்லை எண்டால் இவ உள்ளுக்க இருந்ததும் பொய். பாத்தியளே கணக்கை! எனக்கு நடந்தது எல்லாத்தையும் ஒரு அண்ணையை வச்சு அழிச்சுப்போட்டாங்கள். நான் என்ர முதுகைத் தடவிப் பாத்தன். தழும்பு அப்பிடியேதான் கிடக்கு.

லிங்கண்ணை கடிதத்தை மடிச்சு வச்சிட்டுச் சொன்னார், “நான் உன்ர தாயின்ர வயித்தில பிறக்கேல்லை. அதுதான் பிழையாப் போச்சு தங்கச்சி.” அண்ணி, அவற்ற மனுசி மதி, அடுப்படியில நிண்டு மூக்கைச் சிந்தினா.

அப்பீலுக்கு ஒரு லோயர் பிடிச்சம். இஞ்ச பிறந்த தமிழ்ப் பிள்ளை, அபிநயா. கெட்டிக்காரி. தமிழ் கொஞ்சம் தட்டும். “ஆன்ரி, நீங்க இனிமே அண்ணா சொல்லக் கூடாது. கசின் சொல்லுங்க” எண்டாள்.

“கசின் எண்டால் என்ன பிள்ளை?”

“பெரியப்பா, சித்தப்பா, மாமா, மாமி, எல்லாருடைய பிள்ளைங்களும் கசின், ஆன்ரி.”

“மாமான்ர மகனுமோ?”

“ஓம்.”

“எடி பிள்ளை, மாமான்ர மகன் மச்சானடி! கட்டுற முறையடி! அவனுக்கும் கசின், அண்ணைக்கும் கசினோ? அப்ப இந்த நாட்டில அண்ணையையும் கட்டலாமோ?”

பிள்ளை முகம் சிவந்துபோனாள். லிங்கண்ணை மேசையில அடிச்சுச் சிரிக்கிறார். “நல்ல காலம் நீ ஆறாம் வகுப்போட நிண்டது. இல்லாட்டி இவையின்ர டிக்சனரியைக் கிழிச்சு எறிஞ்சிருப்பாய்” எண்டார். அண்ணி மட்டும் சிரிக்கேல்லை. “உந்தச் சொல்லு எனக்கும் பிடிக்கேல்லை” எண்டா.

அண்டு தொடக்கம் வீட்டில ஒரே நாடகம். லிங்கண்ணைதான் ஜட்ஜ். அண்ணியின்ர கறுப்புச் சால்வையைத் தோளில போட்டுக்கொண்டு கதிரையில சாய்ஞ்சிருப்பார். “இவர் உங்களுடைய சகோதரனோ?”

“ஓம்... இல்லை, இல்லை.”

“பிழை! வெளியால போம்! அடுத்த பிளேனில ஏத்துங்கோ இந்த மனுசியை!”

“எடேய் அண்ணை, பொறு. திரும்பக் கேள்.”

“ஜட்ஜை ஆரடி எடேய் எண்டுறது?”

இப்பிடித்தான் பிள்ளை. அவர்தான் சொல்லித் தந்தவர், தன்னை அண்ணை இல்லை எண்டு சொல்ல. சோறு போடேக்க கேப்பார், காரில போகேக்க கேப்பார். குளிக்கப் போற வழியில மறிச்சுக் கேப்பார். கடைசியில நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் இல்லை எண்டு வரும். அப்பிடி நல்லாப் பழக்கி விட்டவர்.

அப்பீல் கோட்டுக்கு வந்த நாள். முறைப்படி என்னைத்தான் முதல் கேக்கிறதாம். அண்டைக்கு லிங்கண்ணைக்கு வேலைக்குப் போகவேணும் எண்டு கேட்டு, அவரை முதல் கேட்டினம். அவர் இங்கிலீஸிலயே சொன்னார். காம்ப் வாசலைச் சொன்னார், தன்னைத் துரத்தினதைச் சொன்னார். ‘ஷி இஸ் மை கசின்’ எண்டார். அதைச் சொல்லேக்க ஒருக்கா என்னைப் பாத்தார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, அடக்கிக்கொண்டன். பிறகு பின்வரிசையில போய் இருந்தார். வேலைக்குப் போகேல்லை. என்ர முறை முடியுமட்டும் இருப்பம் எண்டு நினைச்சிருப்பார்.

என்னை எங்கட லோயர் பிள்ளை கேட்டாள். இவர் உங்கட சகோதரனோ? இல்லை. பெரியப்பான்ர மகன். பழக்கினபடியே வந்துது. பிறகு மற்றப் பக்கத்து லோயர் எழும்பினான். மெலிஞ்ச மனுசன், தேன் மாதிரிக் கதை. உங்களுக்கு இருக்க இடம் தாறது இவர், சாப்பாடு தாறது இவர், பிளேனுக்கு ஏத்தினதும் இவர், சரியோ? ஓம் எண்டன். அப்ப உங்களைக் காப்பாத்த இவர் என்ன பொய்யும் சொல்லுவார், அப்பிடியான நெருக்கம்தானே உங்களுக்குள்ள எண்டு கேட்டான்.

பாத்தியளே பொறியை? இதை வீட்டில நாங்கள் பழகேல்லை. லோயர் பிள்ளையும் சொல்லித் தரேல்லை. நெருக்கம் எண்டு நான் சொன்னால், லிங்கண்ணை சொன்னதெல்லாம் பொய்யாப் போயிடும். காம்பும் பொய், வாசலும் பொய், திரும்ப முதல்ல இருந்து. எனக்கு எங்க இருந்து அந்தப் புத்தி வந்துதோ தெரியேல்லை. நிமிர்ந்து நிண்டு சொன்னன், “நெருக்கம் ஒண்டும் இல்லை. சொந்தத்தில ஒரு ஆள். பாவம் பாத்து இருக்க இடம் தந்தவர். அவ்வளவுதான்.”

அந்த அவ்வளவுதான் நானாச் சேர்த்தது பிள்ளை. ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. மொழிபெயர்ப்பும் நல்லாத்தான் வந்துது, ‘தற்ஸ் ஓல்’ எண்டு. அந்த மெலிஞ்சவன் பைலை மூடிப்போட்டு இருந்திட்டான். வெளியில வந்து லோயர் பிள்ளை என்ர கையைப் பிடிச்சு, “ஆன்ரி, சூப்பர் ஆன்ஸர்” எண்டாள்.

லிங்கண்ணை காருக்குள்ள ஒண்டும் கதைக்கேல்லை. களைப்பு. அதோட வேலையையும் விட்டிட்டு நிண்ட மனுசன். நான்தான் கதைச்சுக்கொண்டு வந்தன். எப்பிடி அண்ணை நான் சொன்னது எண்டு கேட்டன். ரோட்டைப் பாத்துக்கொண்டே, “நல்லாச் சொன்னீங்கள். எல்லாம் சரியாச் சொன்னீங்கள்” எண்டார்.

லோயர் பிள்ளை சொன்னது பெரிசில்லை. லிங்கண்ணை ஜட்ஜா இருந்து ஒருநாளும் சரி எண்டு சொன்னதில்லை எல்லோ. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு.

அண்டையில இருந்து என்னை நீங்கள் எண்டுதான் சொல்லுறார். “சாப்பிட்டிட்டீங்களோ?” “மருந்து எடுத்தனீங்களோ?” “புஸ்பம், உங்களுக்குக் கடிதம் வந்திருக்கு.” நான் அண்ணியிட்டைச் சிரிச்சுச் சொன்னன், உங்கட மனுசனுக்கு இத்தினை வருசத்துக்குப் பிறகு லண்டன் மரியாதை வந்திட்டுது எண்டு. அண்ணி கோப்பையைக் கழுவிக்கொண்டு நிண்டா. “அதை அவரிட்டைக் கேளும்” எண்டா. என்னத்தைக் கேக்கிறது? மரியாதை குடுக்கிற மனுசனை ஏன் குடுக்கிறாய் எண்டு கேக்கிறதோ?

பிறகு நான் வேற இடத்தில ஒரு அறைக்கு மாறினன். ஒரே வீட்டில இருந்தால் கேஸுக்குக் கூடாதாம் எண்டு லோயர் சொன்னவவாம். அண்ணிதான் வந்து சொன்னா. நானும் ஓம் எண்டன். பிறகு ஒருநாள் போனில லோயர் பிள்ளையைக் கேட்டால், “நான் அப்படிச் சொல்லவே இல்லையே ஆன்ரி” எண்டுறாள். பாவம், பிள்ளைக்கு எத்தினை கேஸ். மறந்திருக்கும்.

இப்ப நான் உடுப்புத் தோய்க்கிற ஒரு லோன்றிக்கு மேல இருக்கிறன். நாள் முழுக்க கீழ மெசின் சுத்துற சத்தம். வேலை செய்ய விடமாட்டினம். படிக்கவும் எனக்குத் தெரியாது. யன்னலுக்கால பாத்தால் சனம் போகுது, வருகுது, எல்லாருக்கும் ஒரு இடம் இருக்கிறமாதிரி வேகமாப் போகுது. ஊருக்குப் போகேலாது, போனால் அந்த வாசல். இஞ்ச இரு எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. கேட்டால் பெண்டிங். ஜட்ஜ் இன்னும் எழுதேல்லை. இது சரிவராட்டி பிறெஷ் கிளெயிம் எண்டு புதுசா ஒண்டு போடலாமாம். பிறெஷ் எண்டால் அண்டண்டைக்குப் பிடிச்ச மீனுக்குச் சொல்லுறது எண்டுதான் நினைச்சிருந்தன். என்ர கதை நல்லாக் காய்ஞ்சு கருவாடாப் போச்சு. இனி அதை எப்பிடி பிறெஷ் ஆக்கிறது?

அந்தா, அந்தப் பழுப்புக் கட்டடம்தான். அடுத்த ஸ்ரொப்பில இறங்கவேணும். பையைத் தாங்கோ, சீ, இந்தாங்கோ பை.

அங்க எதிர்ப்பக்கத்தில மதில் தெரியுதோ? லிங்கண்ணை அதிலதான் நிப்பார். நான் சைன் வைக்கப் போற ஒவ்வொரு தரமும் வருவார். குரங்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு, பிளாஸ்கில இஞ்சித் தேத்தண்ணியும் கொண்டு வந்து, அந்த மதிலோட அங்கையும் இஞ்சையும் நடந்துகொண்டு நிப்பார். பாக்கிறவைக்கு விசர் மனுசன் எண்டு தோணும். ஏனெண்டால் பிள்ளை, உங்களைப் பயப்பிடுத்தச் சொல்லேல்லை, உள்ளுக்க போறவை எல்லாரும் வெளியில வாறேல்லை. சிலபேரைப் பின்கதவால வானில ஏத்திக்கொண்டு போயிடுவினம். அதுக்காகத்தான் நிப்பார். நான் கதவைத் திறந்து வந்தோடன அங்க இருந்தே கத்துவார், ‘வந்திட்டியோ தங்கச்சி’ எண்டு. ஊர் காம்ப் வாசல்ல கேட்ட அதே குரல்.

இப்ப கொஞ்சக் காலமா வாறேல்லை. நைற் ஷிஃப்ற். கோல் எடுத்தாலும் எடுக்கிறேல்லை. என்ர நம்பரைக் கண்டால் நித்திரை குழம்பும் எண்டு வச்சிட்டு, பிறகு எடுப்பம் எண்டு மறந்திடுவார் போல. வயசும் போகுதெல்லே.

உங்களுக்கு எத்தினை மணிக்கு? பதினொண்டுக்கோ? எனக்குப் பத்தரைக்கு. அப்ப நீங்கள் வெளியில கொஞ்சம் நிப்பியள். நல்லதாப் போச்சு. ஒரு உதவி செய்யுங்கோ பிள்ளை. இந்தத் துண்டில அவற்ற நம்பர் கிடக்கு. நீங்கள் உள்ளுக்க போக முன்னம் நான் வெளியில வராட்டி, ஒரு கோல் எடுத்துவிடுங்கோ. உங்கட போனால எடுங்கோ. புது நம்பர் எண்டால் எடுப்பார்.

புஸ்பம் எண்டு சொல்லாதேங்கோ. புஸ்பம் எண்டால், சரி, பிறகு பாப்பம் எண்டு வச்சிடுவார். ‘உங்கட தங்கச்சி உள்ளுக்க போய் இன்னும் வரேல்லை’ எண்டு சொல்லுங்கோ. அவ்வளவும் காணும். அது கேட்டால் மனுசன் நித்திரைப் பாயில இருந்தும் எழும்பி ஓடி வந்திடும். எனக்குத் தெரியும் எல்லோ.

ஆனால் ஒண்டு. இந்த வாசல்ல நிண்டு சொல்லாதேங்கோ. இதில தமிழ் விளங்கிறவை நிப்பினம், கேஸுக்குக் கூடாது. ரோட்டைக் கடந்து அந்த மதிலடிக்குப் போய், ஆரும் பக்கத்தில இல்லை எண்டு பாத்து, மெள்ளமாச் சொல்லுங்கோ.